குழந்தை, அம்மா, அப்பா எக்ஸோம்: 212 டி நோவோ வருகிறது. எங்கே தவறு?

#1 நாற்று

மூவர் எக்ஸோம் (தாய், தந்தை, குழந்தை மூவரின் ஜீனோமிலும் புரதம் எழுதும் பகுதிகளின் வரிசை) ஒன்று கையில் இருக்கிறது. குழந்தைக்கு வளர்ச்சித் தாமதம், பேச்சு மிகக் குறைவு. பெற்றோருக்கு எந்த அறிகுறியும் இல்லை. அதனால் டி நோவோ (பெற்றோரிடம் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றிய மாற்றம்) தேடலில் தொடங்கினேன்.

செய்தது இதுதான்: ஜிஆர்சிஎச்38 என்ற ரெஃபரன்ஸில் (ஒப்பிடும் மாதிரி ஜீனோம்) ரீட்களை (கருவி படித்த சிறு துண்டுகள்) பொருத்த பிடபிள்யூஏ-மெம், டூப்ளிகேட் குறித்தல், பிறகு மாறுபாடு தேடும் காலரான ஜிஏடிகே ஹாப்லோடைப்காலர், ஒவ்வொரு சாம்பிளுக்கும் தனித்தனி விசிஎஃப் (மாறுபாட்டுப் பட்டியல்). குழந்தையின் விசிஎஃப்பிலிருந்து அம்மாவுடையதையும் அப்பாவுடையதையும் கழித்தேன். கோடிங் பகுதியில் மட்டும் 212 மிச்சம். சராசரி ஆழம் (ஓர் எழுத்தை எத்தனை ரீட் மூடுகிறது) குழந்தைக்கு 110, தாய்க்கு 95, தந்தைக்கு 38. தந்தையின் சாம்பிள் வேறு சமயத்தில், வேறு கேப்சர் கிட்டில் (எக்ஸோம் துண்டுகளைப் பிடித்தெடுக்கும் பொருள்) ஓடியது.

212-ஐயும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாமா, இல்லை அதற்கு முன்னால் எங்காவது கோட்டை விட்டிருக்கிறேனா?

#2 கோடான்_கணக்கு

பார்க்காதீர்கள். முதலில் ஒரு கணக்குப் போடுங்கள்.

ஒரு தலைமுறையில் ஓர் எழுத்து புதிதாக மாறும் விகிதம் சுமார் 10 கோடிக்கு 1.2. கேப்சர் இலக்கு 3.5 கோடி எழுத்து என்று வைத்தால், இரண்டு பிரதிக்கும் சேர்த்து 7 கோடி. பெருக்கினால் 0.84. முழு ஜீனோமில் 60, 70 வரும். எக்ஸோமில் ஒன்று வரும், இரண்டு வரும், ஒன்றுமே வராமலும் போகும். 212 வந்தால் அது குழந்தையின் உடம்பில் இல்லை, உங்கள் கோப்பில் இருக்கிறது.

தவறு அந்தக் கழித்தலில். ஹாப்லோடைப்காலரைச் சும்மா ஓட்டினால் மாறுபாடு உள்ள இடத்தை மட்டும்தான் எழுதும். தந்தையின் விசிஎஃப்பில் ஒரு வரி இல்லையென்றால் இரண்டில் ஒன்று: அவர் அந்த இடத்தில் ரெஃபரன்ஸைப் போலவே இருக்கிறார், அல்லது அங்கே போதிய ரீட் விழவே இல்லை. கழிக்கும்போது இரண்டையும் ஒன்றாக்கிவிட்டீர்கள். கிட் வேறு என்றால் குழந்தையின் கிட் பிடித்த சில எக்ஸான்களை (மரபணுவின் புரதம் எழுதும் துண்டுகள்) தந்தையின் கிட் தொட்டிருக்கவே செய்யாது. அங்கே தந்தையிடமிருந்து வந்த சாதாரண மாறுபாடெல்லாம் டி நோவோ வேஷம் போட்டு நிற்கும்.

ஆழம் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு உண்டு. தந்தைக்கு ஓரிடத்தில் 5 ரீட்தான் இருக்கிறது, அவர் அங்கே ஹெட்டரோசைகஸ் (இரண்டு பிரதியில் ஒன்று மட்டும் மாறியவர்) என்று வையுங்கள். மாற்று எழுத்து 0 அல்லது 1 ரீட்டில் மட்டும் தெரிய 32-ல் 6 வாய்ப்பு. ஒற்றை ரீட்டை நம்பி காலர் கூப்பிடாது. குழந்தைக்குத் தந்தைவழி வந்த கோடிங் ஹெட்டரோசைகஸ் இடங்கள் 6,000 என்றும், அதில் 3 சதவீத இடங்களில் தந்தைக்கு இந்த ஆழம்தான் என்றும் கொண்டால் 180 இடம். 180-ல் 32-க்கு 6 என்றால் சுமார் 34 போலி டி நோவோ, ஆழக்குறைவால் மட்டும்.

செய்ய வேண்டியது: மூன்று சாம்பிளையும் ஜிவிசிஎஃப் முறையில் மறுபடி ஓட்டுங்கள். அதில் மாறாத இடத்துக்கும் ஆழமும் ஜீனோடைப் குவாலிட்டியும் (அந்த முடிவை எவ்வளவு நம்பலாம் என்ற எண்) பதிவாகும். பிறகு மூன்றையும் சேர்த்து ஜீனோடைப்ஜிவிசிஎஃப்ஸ் ஓட்டினால் ‘இல்லை’ வேறு, ‘தெரியவில்லை’ வேறு என்று பிரிந்து வரும். அப்புறம் இரண்டு கிட்டின் பெட் கோப்புகளின் (கிட் பிடிக்கும் இடங்களின் பட்டியல்) வெட்டுப்பகுதியை எடுத்து, இரு பக்கமும் 50 எழுத்து விளிம்பு வைத்து, அதற்குள் மட்டும் எண்ணுங்கள்.

பெட் 0-விலிருந்து எண்ணும், விசிஎஃப் 1-லிருந்து. கையால் ஸ்கிரிப்ட் எழுதி வெட்டினால் எக்ஸான் ஓரத்தில் ஓர் எழுத்து வழுக்கும். பெட்டூல்ஸிடமோ பிசிஎஃப்டூல்ஸிடமோ விட்டுவிடுங்கள்.

#3 தாழைமடல்

கணக்கு சரி. ஆனால் மறுபடி ஓட்டும் முன்னால் அரை மணி நேர வேலை ஒன்று இருக்கிறது: இவர்கள் மூவரும் உண்மையிலேயே தாய், தந்தை, பிள்ளைதானா என்று பார்ப்பது.

உறவைக் கணக்கிடும் சோமலியர் அல்லது கிங் நிரல், எது வேண்டுமானாலும். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் கின்ஷிப் கெழு 0.25 அருகில் வர வேண்டும் (சோமலியர் அதன் இரட்டிப்பைக் காட்டும், அங்கே 0.5). உடன்பிறந்தவர்களுக்கும் 0.25 வரும் என்பதால் அந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஐபிஎஸ்0 என்ற எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள், அதாவது ஒருவர் ஒரு பக்க ஹோமோசைகஸ் (இரண்டு பிரதியிலும் ஒரே எழுத்து), மற்றவர் எதிர்ப்பக்க ஹோமோசைகஸ் என்று நிற்கும் இடங்கள். பெற்றோர், பிள்ளை என்றால் அது பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும், ஏனென்றால் ஒவ்வோர் இடத்திலும் ஒரு பிரதி கட்டாயம் பொது. உடன்பிறந்தவர்களுக்கு அப்படி இருக்காது. அம்மாவின் குழாயும் அக்காவின் குழாயும் மாறிப்போனால் இதில்தான் பிடிபடும்.

பாலினச் சரிபார்ப்பும் செய்யுங்கள்: எக்ஸ் குரோமோசோமில் ஹெட்டரோசைகஸ் விகிதம், ஒய்யில் ஆழம். பிறகு கலப்படம்: வெரிஃபைபேம்ஐடி தரும் ஃப்ரீமிக்ஸ் 0.02-க்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும். குழந்தையின் டிஎன்ஏவில் வேறொருவருடையது 5 சதவீதம் கலந்திருந்தால், பெற்றோரிடம் இல்லாத மாறுபாடுகள் 2.5, 5 சதவீத ரீட்டில் மினுக்கும்.

தந்தை உயிரியல் தந்தை இல்லையென்றால் எண்ணிக்கை ஆயிரங்களில் போகும், 212-ல் நிற்காது. அதனால் இங்கே அது இருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் இந்தச் சோதனை அப்படி ஒரு உண்மையை வெளியே கொண்டுவரக் கூடியது. வந்தால் யாரிடம் சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பதைச் சம்மதப் படிவம் முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். முடிவு திரையில் வந்த பிறகு யோசிக்கிற விஷயமில்லை அது.

#4 ஒற்றைநூல்

ஜிஆர்சிஎச்38ன்னு சொல்றீங்க, எந்தக் கோப்பு? அந்தப் பேர்ல நாலஞ்சு சுத்துது. ஆல்ட் கான்டிக் (சில இடங்களுக்கான மாற்று வரிசை) எல்லாம் உள்ள முழுக்கோப்பை எடுத்து, ஆல்ட் பட்டியல் கொடுக்காம பிடபிள்யூஏ ஓட்டியிருந்தா, எச்எல்ஏ (நோயெதிர்ப்பு மரபணுக்கள்) மாதிரி இடத்துல ஒரே ரீட் ரெண்டு இடத்துல சமமா பொருந்தும். மேப்பிங் குவாலிட்டி 0 ஆயிடும். காலர் அந்த ரீட்டைத் தூக்கிப் போட்டுடும். ஆல்ட் இல்லாத அனாலிசிஸ் செட்னு தனியா ஒரு கோப்பு இருக்கு, அதை எடுங்க.

தந்தையோட பழைய பேம் (ரீட்டைப் பொருத்தின கோப்பு) எதுக்கு அலைன் ஆச்சுன்னும் ஹெடரைத் திறந்து பாருங்க. பேர்ல ‘38’ இருக்கேன்னு நம்பாதீங்க. எச்ஜி19னா (முந்தைய ரெஃபரன்ஸ் பதிப்பு) 1-ம் குரோமோசோமோட நீளம் 249,250,621. 38னா 248,956,422. இந்த ரெண்டு எண்ணை மனப்பாடம் பண்ணி வெச்சா போதும். 19ஆ இருந்தா லிஃப்ட்ஓவர் (இட எண்ணை மட்டும் மாத்துறது) பண்ணாதீங்க, ஃபாஸ்ட்க்யூவுக்கு (மூல ரீட் கோப்பு) திரும்பி மறுபடி அலைன் பண்ணுங்க. எச்ஜி19ல இன்னொரு வில்லங்கம், அதோட மைட்டோகாண்ட்ரியா வரிசை 16,571 எழுத்து. எல்லாரும் எண்ணிக்கைக்குப் பயன்படுத்துறது 16,569 எழுத்துள்ள வேற வரிசை.

இன்னொண்ணு. இரண்டு நிற வேதியியல் உள்ள கருவியில, அதாவது நோவாசீக், நெக்ஸ்ட்சீக் வகையில, ஒளி இல்லைன்னா அது ஜின்னு பதிவாகும். துண்டு சின்னதா இருந்தா ரீட்டோட வால்ல ஜிஜிஜிஜின்னு நீளும். ரீட்டைச் சுத்தம் பண்ற ஃபாஸ்ட்பியில பாலி-ஜி வெட்டு ஆன்ல இருக்கான்னு பாருங்க.

#5 நாற்று

செய்து பார்த்தேன். கின்ஷிப்: தாய்க்கு 0.25, தந்தைக்கு 0.24. ஐபிஎஸ்0 இரண்டிலும் கிட்டத்தட்ட 0. ஃப்ரீமிக்ஸ் மூன்றிலும் 0.005-க்குக் கீழே. தந்தையின் பேம் ஹெடரில் 248,956,422 இருக்கிறது, ஆனால் ஆல்ட் உள்ள கோப்பு. மூன்றையும் ஆல்ட் இல்லாத கோப்புக்கு மறுபடி அலைன் செய்தேன்.

ஜிவிசிஎஃப், கூட்டு ஜீனோடைப்பிங் முடித்த பிறகு 31. கிட் வெட்டுப்பகுதிக்குள் மட்டும் எண்ணினால் 17.

17-ஐக் குறைக்க என்ன ஃபில்டர் வைக்கலாம்? விகியூஎஸ்ஆர் (தரத்தைத் தானே கற்று வடிகட்டும் ஜிஏடிகே கருவி) ஓட்டப் பார்த்தேன், பிழை காட்டி நிற்கிறது.

#6 கோடான்_கணக்கு

விகியூஎஸ்ஆர் மூன்று சாம்பிளில் ஓடாது. எக்ஸோமுக்குக் குறைந்தது 30 சாம்பிளாவது வேண்டும், இல்லாவிட்டால் மாதிரியைப் பயிற்றுவிக்கப் போதிய இடங்கள் கிடைக்காது. ஹார்ட் ஃபில்டர் போடுங்கள். ஒற்றை எழுத்து மாற்றத்துக்கு க்யூடி (ஆழத்துக்கேற்ற தரம்) 2-க்குக் கீழ், எஃப்எஸ் (ரீட் திசைச் சாய்வு) 60-க்கு மேல், எம்க்யூ (மேப்பிங் குவாலிட்டி) 40-க்குக் கீழ், எஸ்ஓஆர் (திசைச் சாய்வின் இன்னோர் அளவு) 3-க்கு மேல் என்றால் தள்ளுங்கள். இன்டெலுக்கு (எழுத்து சேர்தல், நீங்கல்) க்யூடி அதேதான், எஃப்எஸ்ஸை மட்டும் 200 வரை விடலாம்.

டி நோவோவுக்கென்று தனி நிபந்தனை: குழந்தைக்கு ஆழம் 20, பெற்றோருக்கு 10 குறைந்தபட்சம். மூவருக்கும் ஜீனோடைப் குவாலிட்டி 20. குழந்தையின் மாற்று ரீட் விகிதம் 0.25-லிருந்து 0.75-க்குள். பெற்றோரிடம் மாற்று ரீட் அதிகபட்சம் 1. கண்டிப்பாக 0 என்று வைக்காதீர்கள், காரணம் பிறகு வரும்.

மிஞ்சியதை ஐஜிவியில் (ரீட்களைப் படமாகக் காட்டும் மென்பொருள்) மூன்று தடமும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துக் கண்ணால் பாருங்கள். எதைப் பார்ப்பது என்றால், மாற்று எழுத்து உள்ள ரீட்கள் எல்லாம் ஒரே திசையில் போகிறதா? எல்லாவற்றிலும் அது ரீட்டின் கடைசி 5, 6 எழுத்துக்குள்ளேயே விழுகிறதா? அதே ரீட்களில் பக்கத்திலேயே இன்னும் மூன்று நான்கு மாற்றம் கொத்தாக இருக்கிறதா? இருந்தால் அது பெரும்பாலும் வேறெங்கோ சேர வேண்டிய ரீட், போலி மரபணுவிலிருந்தோ இரட்டைப் பகுதியிலிருந்தோ வழிதவறி வந்தது. மியூசின் மரபணுக்கள், ஆல்ஃபாக்டரி ஏற்பிகள் இந்த விஷயத்தில் பெயர் போனவை. ஏஏஏஏஏஏஏஏ என்று ஒரே எழுத்து எட்டுப் பத்து முறை வரும் இடத்தில் ஓர் எழுத்து கூடியதாக வரும் இன்டெலையும் சந்தேகப்படுங்கள்.

#7 தாழைமடல்

ஒரு திருத்தம் வருமுன்னே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து எல்லோரும் நோமாட் (பல லட்சம் பேரின் மாறுபாட்டுத் தொகுப்பு) பார்த்துச் செய்வது ‘நோமாடில் இருந்தால் தள்ளு’ என்ற ஃபில்டர். தீவிரமான டி நோவோ நோய்க்கு 0.0001-க்குக் கீழ் என்று அலைவெண் வரம்பு வைக்கலாம். ஆனால் முழுப் பூஜ்ஜியம் கேட்காதீர்கள்.

ஏஎஸ்எக்ஸ்எல்1 இதற்கு நல்ல உதாரணம். அதில் வரும் வெட்டு மாறுபாடுகள் போரிங்-ஓபிட்ஸ் சின்ட்ரோமுக்குக் காரணம். ஆனால் வயதானவர்களின் ரத்தத்தில் குளோனல் ஹீமட்டோபொயசிஸ் (ஒரே ரத்த ஸ்டெம் செல்லின் வாரிசுகள் பெருகுவது) காரணமாக அதே மாறுபாடுகள் உடல் அணுக்களில் தோன்றும். நோமாடில் உள்ள டிஎன்ஏ பெரும்பாலும் ரத்தத்திலிருந்து எடுத்தது. அதனால் அங்கே அவை தென்படும், ரீட் விகிதம் மட்டும் 50 சதவீதத்துக்குக் கீழே சரிந்து இருக்கும். டிஎன்எம்டி3ஏ-வும் இதே கதை. நோமாட் பக்கத்தில் அந்த ரீட் விகித வரைபடத்தைத் திறந்து பார்க்காமல் இந்த மரபணுக்களில் எதையும் தள்ளக் கூடாது.

மறுபக்கமும் உண்டு. நோமாடில் ஒரு மாறுபாடு இல்லை என்றால் அந்த இடத்தில் எத்தனை அலீல் (ஆளுக்கு இரண்டு பிரதி) எண்ணப்பட்டது என்று பாருங்கள். 4-ம் பதிப்பில் 807,162 பேர் இருக்கிறார்கள், அப்படியென்றால் 16 லட்சம் அலீல். ஏஎன் (அந்த அலீல் எண்ணிக்கை) அங்கே சில ஆயிரம்தான் காட்டுகிறதென்றால் அந்த ‘இல்லை’க்கு மதிப்பில்லை.

#8 சுருள்

நடுவில் நுழைகிறேன், தொடர்புள்ள கேள்விதான். சிஎஃப்டிஆர் டெல்டா எஃப்508 (சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் மாறுபாடு) இருப்பதாக நன்றாகத் தெரிந்த ஒரு கட்டுப்பாட்டு சாம்பிளை ஓட்டினேன். விசிஎஃப்பில் நீக்கம் இருக்கிறது, ஆனால் ஆய்வறிக்கையில் உள்ள பெயரோடு ஒத்துப் போகவில்லை. அறிக்கை சிடிடி நீங்கியது என்கிறது. என் கோப்பில் டிசிடி நீங்கியிருக்கிறது. ஸ்கிரிப்ட் ‘கிடைக்கவில்லை’ என்று சொல்லிவிட்டது.

#9 கோடான்_கணக்கு

இரண்டும் ஒரே நீக்கம். எழுதிப் பார்த்தால் தெரியும்.

506-லிருந்து 509 வரை கோடான்கள் (ஓர் அமினோ அமிலத்துக்கான மூன்றெழுத்து): ஏடிசி ஏடிசி டிடிடி ஜிஜிடி. 507-ன் கடைசி சியையும் 508-ன் முதல் இரண்டு டியையும் எடுங்கள். மிஞ்சுவது ஏடிசி ஏடிடி ஜிஜிடி. இப்போது ஓர் எழுத்து இடப்பக்கம் நகர்ந்து டிசிடியை எடுங்கள். மிஞ்சுவது அதே ஏடிசி ஏடிடி ஜிஜிடி. ஏடிடியும் ஐசோலூசின்தான், ஆகவே 507 மாறவில்லை, 508-ன் ஃபினைல்அலனின் மட்டும் போயிற்று.

விசிஎஃப் மரபு எவ்வளவு முடியுமோ அவ்வளவு இடப்பக்கம் தள்ளி எழுதும், முன்னால் ஓர் எழுத்தை நங்கூரமாக வைத்து: 7-ம் குரோமோசோம், 117559590, ஏடிசிடி என்பது ஏ ஆகிறது. எச்ஜிவிஎஸ் (அறிக்கைகளில் மாறுபாட்டுக்குப் பெயரிடும் முறை) மரபு மரபணுவின் 3’ பக்கம் எவ்வளவு முடியுமோ அவ்வளவு தள்ளும்: 1521-லிருந்து 1523, சிடிடி நீக்கம். பெயரை வைத்து ஒப்பிட்டால் இன்டெல் எல்லாம் இப்படித்தான் கை நழுவும்.

ஆகவே ஒப்பிடும் முன்னால் இரண்டு பக்கக் கோப்பையும் பிசிஎஃப்டூல்ஸ் நார்ம் கட்டளையில், ரெஃபரன்ஸ் கொடுத்து, மல்டி-அலீலிக் வரிகளைப் பிரித்து, இடப்பக்கம் சீராக்குங்கள். பிறகு குரோமோசோம், இடம், ரெஃபரன்ஸ், மாற்று என்ற நான்கையும் வைத்து மட்டும் பொருத்துங்கள்.

#10 நாற்று

17, ஃபில்டருக்குப் பிறகு 9. ஐஜிவியில் பார்த்ததில் மூன்று ஒரே மியூசின் மரபணுவில் கொத்தாக இருந்தன. ஒன்று ஒரே எழுத்து வரிசை இன்டெல். ஒன்றில் மேப்பிங் குவாலிட்டி படு மோசம். ஐந்தையும் தள்ளினேன். மிச்சம் 4:

அ) ஓர் இன்ட்ரானில் (எக்ஸான்களுக்கு இடைப்பட்ட பகுதி), எக்ஸானிலிருந்து 40 எழுத்து தள்ளி.
ஆ) ஒரு மரபணுவில் சிஏஜி என்ற கோடானின் முதல் எழுத்து சி, டி ஆகிறது. விஇபி (மாறுபாட்டின் விளைவைச் சொல்லும் நிரல்) ‘ஸ்டாப் கெயின்’ (புரதம் பாதியில் நிற்கும்) என்கிறது.
இ) அதே கோடானின் இரண்டாம் எழுத்து ஏ, ஜி ஆகிறது. விஇபி ‘மிஸ்சென்ஸ்’ (ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறும்) என்கிறது.
ஈ) ஏஆர்ஐடி1பி மரபணுவின் கடைசி எக்ஸானில் ஸ்டாப் கெயின்.

இரண்டு ஸ்டாப் கெயின் இருப்பதால் எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை.

#11 ஒற்றைநூல்

ஒரு ஸ்டாப்தான் இருக்கு. ஆ-வும் இ-யும் ஒரே ரீட்ல சேர்ந்து வருதான்னு ஐஜிவியில பாருங்க, நிச்சயமா வரும். ஹாப்லோடைப்காலர் அதை பிஐடி (ஒரே பிரதியில இருக்கிறதைக் காட்டும் அடையாளம்) புலத்துல எழுதியும் வெச்சிருக்கும். தனித்தனியா படிச்சா சிஏஜி, டிஏஜி ஆகி ஸ்டாப். சேர்த்துப் படிச்சா சிஏஜி, டிஜிஜி ஆகுது. டிஜிஜி டிரிப்டோஃபான். குளூட்டமின் போய் டிரிப்டோஃபான் வந்த ஒரு மிஸ்சென்ஸ், அவ்வளவுதான். விஇபி ஒவ்வொரு வரியா தனியா படிக்கும், அதுக்குப் பக்கத்து வரி தெரியாது. பிசிஎஃப்டூல்ஸ் சிஎஸ்க்யூ ஹாப்லோடைப்போட சேர்த்துப் படிக்கும். இந்த வகைப் போலி ஸ்டாப்பை நம்பி அறிக்கை போனா அசிங்கம்.

ஆக 4 கிடையாது, 3. அதுல அ-வுக்கு ஸ்ப்ளைஸ்ஏஐ (எக்ஸான் ஒட்டுறது கெடுமான்னு கணிக்கும் நிரல்) மதிப்பெண் பாருங்க. 0.2-க்குக் கீழன்னா விடுங்க.

#12 நாற்று

ஒரே ரீட்டில்தான் வருகிறது. பிஐடி இரண்டுக்கும் ஒன்றே. அ-வுக்கு ஸ்ப்ளைஸ்ஏஐ 0.02. ஆ-இ சேர்ந்த மிஸ்சென்ஸுக்கு ரெவெல் (மிஸ்சென்ஸ் எவ்வளவு கெடுதல் என்று கணிக்கும்) மதிப்பெண் கிடைக்கவில்லை. அதன் மரபணுவுக்கு இதுவரை எந்த நோயோடும் தொடர்பு சொல்லப்படவில்லை.

ஈ-க்கு, மாறுபாட்டை வகைப்படுத்தும் சான்றுக் குறியீடுகளில் பிவிஎஸ்1 (செயலிழப்பு), பிஎஸ்2 (பெற்றோர் உறுதியான டி நோவோ), பிஎம்2 (மக்களிடம் மிக அரிது) மூன்றையும் போட்டால் நேராக ‘பேத்தோஜெனிக்’ வருகிறது. போதுமா?

#13 தாழைமடல்

ரெவெல் கிடைக்காதது இயல்பு. அது ஒற்றை எழுத்து மாற்றங்களுக்கு மட்டுமே முன்கூட்டிக் கணக்கிட்டு வைத்த அட்டவணை.

ஈ-க்கு வருவோம். ஏஆர்ஐடி1பி-யில் ஒரு பிரதி செயலிழப்பது காஃபின்-சிரிஸ் சின்ட்ரோமுக்கும், வெளிப்படையான முக அடையாளம் இல்லாத அறிவுத்திறன் குறைபாட்டுக்கும் காரணம் என்பது நன்றாக நிறுவப்பட்டது. பெரும்பாலும் டி நோவோ. ஆகவே மரபணு பொருந்துகிறது. ஆனால் நீங்கள் போட்ட மூன்று குறியீட்டிலும் எடை கூடியிருக்கிறது.

பிவிஎஸ்1: வெட்டு கடைசி எக்ஸானில் இருக்கிறது. கடைசி எக்ஸானில், அல்லது அதற்கு முந்தைய எக்ஸானின் கடைசி 50 எழுத்துக்குள், ஸ்டாப் வந்தால் நான்சென்ஸ் மீடியேட்டட் டிகே அந்த எம்ஆர்என்ஏவை அழிக்காது என்றே எதிர்பார்ப்பு. குட்டையான புரதம் உருவாகும். 2018-ல் வந்த பிவிஎஸ்1 முடிவு மரம் இதற்காகத்தான்: இழக்கும் பகுதி செயலுக்கு முக்கியம் என்று தெரிந்திருந்தால், அல்லது புரதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போனால், ‘ஸ்ட்ராங்’. 10-க்குக் கீழ் என்றால் ‘மாடரேட்’. இந்த மரபணுவில் கடைசி எக்ஸான் பெரியது. ஆகவே வெட்டு அதன் தொடக்கத்திலா முடிவிலா என்பதுதான் கேள்வி. மேன் செலக்ட் டிரான்ஸ்கிரிப்டில் (மரபணுவின் பொதுவாக ஏற்ற வடிவம்) எண்ணிப் பாருங்கள், வேறு டிரான்ஸ்கிரிப்டில் எக்ஸான் எண்ணே மாறிவிடும்.

பிஎஸ்2: பெற்றோர் என்பது சோதனையில் உறுதியானதால் பிஎஸ்2 சரி, பிஎம்6 (பெற்றோர் உறுதியாகாத டி நோவோ) இல்லை. ஆனால் எடை நோய்த் தோற்றத்தைப் பொறுத்தது. குறிப்பிட்ட தோற்றம் என்றால் 2 புள்ளி, பொருந்துகிறது ஆனால் அவ்வளவு குறிப்பானதில்லை என்றால் 1, நூற்றுக்கணக்கான மரபணுக்கள் காரணமாகக் கூடிய பொதுவான வளர்ச்சித் தாமதம் என்றால் 0.5. நீங்கள் மேலே சொன்ன அளவுக்கு இது 0.5, அதாவது ‘சப்போர்ட்டிங்’.

பிஎம்2: கிளின்ஜென் (இந்த விதிகளை விளக்கும் நிபுணர் அமைப்பு) 2020-லிருந்தே அதைச் ‘சப்போர்ட்டிங்’ என்று இறக்கச் சொல்லிவிட்டது.

இனி மொத்தப் புள்ளி, இது வேறு அளவுகோல்: ஸ்ட்ராங் 4, சப்போர்ட்டிங் 1, இன்னொரு சப்போர்ட்டிங் 1. மொத்தம் 6. 6-லிருந்து 9 வரை ‘லைக்லி பேத்தோஜெனிக்’, 10-லிருந்துதான் ‘பேத்தோஜெனிக்’. வெட்டு எக்ஸானின் கடைசியில் இருந்து ‘மாடரேட்’ ஆகிவிட்டால் 4, அதாவது ‘முக்கியத்துவம் உறுதியற்றது’. மருத்துவரிடம் ஐந்தாம் விரல் நகம், முடி, முக அமைப்பு பற்றிக் கேளுங்கள். அந்த ஒரு பதிலில் பிஎஸ்2-வின் 0.5 என்பது 1 ஆகும், 2-உம் ஆகலாம்.

#14 சுருள்

இதே மூவரில் எதுவுமே கிடைக்காமல் போயிருந்தால் அடுத்து எங்கே பார்ப்பது வழக்கம்?

#15 கோடான்_கணக்கு

குறுகிய ரீட்டும் எக்ஸோமும் எங்கே குருடோ அங்கே. எல்லாவற்றையும் சொன்னால் நீளும், அடிக்கடி தவறுகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

எஸ்எம்என்1. எஸ்எம்என்2-வோடு கிட்டத்தட்ட முழுதும் ஒன்று. பிரித்துக் காட்டுவது 7-ம் எக்ஸானில் 840-ம் இடத்தில் ஒரு சி, டி வேறுபாடு. ரீட்கள் இரண்டிலும் பொருந்துவதால் மேப்பிங் குவாலிட்டி 0, விசிஎஃப் வெறுமை. ஸ்பைனல் மஸ்குலர் அட்ரஃபி சந்தேகம் இருந்தால் எக்ஸோமைக் கேட்காதீர்கள், எம்எல்பிஏ (பிரதிகளை எண்ணும் சோதனை) செய்யுங்கள்.

சிபிஎஸ். ஹோமோசிஸ்டினூரியா மரபணு. இதில் குற்றவாளி ரெஃபரன்ஸ்: ஜிஆர்சிஎச்38-ல் 21-ம் குரோமோசோமில் இது தவறாக இரண்டு முறை எழுதப்பட்டிருக்கிறது. உண்மையில் ஒன்றுதான். ரீட்கள் இரண்டு பக்கமும் பிரிந்து மறுபடி அதே 0. கேசிஎன்இ1-க்கும் இதே கதி. போலிப் பிரதியை மறைத்த கோப்பையோ டி2டி-சிஎச்எம்13-ஐயோ பயன்படுத்தினால் திரும்பி வரும். புதிய ரெஃபரன்ஸ் எல்லா இடத்திலும் பழையதைவிட மேல் என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு குட்டு, அதற்கு முந்தைய 37-ல் இந்தத் தவறு கிடையாது.

திரும்பல் நீட்சி. எச்டிடி-யில் அடுத்தடுத்து வரும் சிஏஜி 40-ஐத் தொட்டாலே ஹன்டிங்டன் முழு ஊடுருவல் (நோய் நிச்சயம் வரும்). 150 எழுத்து ரீட்டில் உச்சபட்சம் 50 சிஏஜி, இரு பக்கமும் நங்கூரம் வேண்டும் என்பதால் நடைமுறையில் அதற்கும் குறைவு. எஃப்எம்ஆர்1-ல் (ஃப்ராஜைல் எக்ஸ் மரபணு) 200-க்கு மேல் போக வேண்டும். அங்கே குறுகிய ரீட் ‘நீளம்’ என்று சந்தேகம் சொல்லும், எண்ணிச் சொல்லாது.

பிறகு சிஎன்வி, அதாவது பிரதி எண்ணிக்கை மாற்றம். ஒரு முழு எக்ஸான் ஒரு பிரதியில் போனாலும் விசிஎஃப்பில் எதுவும் தெரியாது, ஆழம்தான் பாதியாகும். எக்ஸோம்டெப்த் போன்றவை அதைப் பிடிக்க அதே கிட், அதே பேட்ச் சாம்பிள்கள் பத்தாவது வேண்டும். நாற்று கவனிக்க: உங்கள் தந்தை சாம்பிள் வேறு கிட், அதை ஒப்பீட்டுக் கட்டுப்பாடாகச் சேர்த்தால் நூற்றுக்கணக்கில் போலி நீக்கம் கொட்டும்.

#16 ஒற்றைநூல்

அறிக்கைக்கு அட்டவணை தயாரிக்கும்போது எக்செல்ல திறக்காதீங்க. செப்ட்2 மரபணு செப்டம்பர் 2 ஆயிடும், மார்ச்1 மார்ச் 1-ந்தேதி ஆயிடும். 2020-ல பெயரிடும் குழுவே தோத்துப்போய் செப்டின்2, மார்ச்எஃப்1னு மாத்திடுச்சு. பழைய அனோட்டேஷன் கோப்புகள்ல பழைய பேர்தான் இன்னும்.

#17 நாற்று

எண்ணிப் பார்த்தேன். மேன் செலக்ட் டிரான்ஸ்கிரிப்டில் வெட்டு கடைசி எக்ஸானின் தொடக்கப் பகுதியில், புரதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போகிறது. மருத்துவர் ஐந்தாம் விரல் நகம் சிறியது, முடி அடர்த்தி என்று பதில் சொல்லியிருக்கிறார்.

ஒரே ஓர் உறுத்தல். அந்த இடத்தில் தாய்க்கு ஆழம் 102, மாற்று ரீட் 0. தந்தைக்கு ஆழம் 41, மாற்று ரீட் 1. ஃபில்டரில் 1 வரை அனுமதித்ததால் தாண்டி வந்திருக்கிறது. சீக்வென்சிங் பிழை என்று விடலாமா?

#18 கோடான்_கணக்கு

விடாதீர்கள். 1 வரை விடச் சொன்னது இதற்காகத்தான்.

எழுத்தின் குவாலிட்டி க்யூ30 என்றால் ஆயிரத்தில் ஒரு பிழை. அந்தப் பிழை சரியாக இதே மாற்று எழுத்தாக இருக்க அதிலும் மூன்றில் ஒன்று. 41 ரீட்டுக்கு 41-ஐ 3,000-ஆல் வகுத்தால் 1.4 சதவீதம். தற்செயல் நடக்கக் கூடியதுதான், ஆனால் கண்ணை மூடித் தள்ளும் அளவுக்கு இல்லை. குழந்தையின் சாம்பிளிலிருந்து இன்டெக்ஸ் (சாம்பிளின் அடையாளக் குறி) தாவி வந்ததா என்றால், இருவரும் வேறு வேறு சமயத்தில் ஓடியவர்கள், அது அடிபட்டுப் போகிறது. அந்த ஒரு ரீட்டைச் சொடுக்கி, அந்த எழுத்தின் குவாலிட்டி என்ன, ரீட்டின் நடுவிலா ஓரத்திலா, அதன் இணை ரீட் ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள்.

மிச்ச சாத்தியம் தந்தையிடம் மொசைக், அதாவது அவருடைய சில செல்களில் மட்டும் இந்த மாற்றம். 5 சதவீத ரீட் அளவுக்கு மொசைக் இருக்கும் ஒருவருக்கு உங்கள் தந்தை சாம்பிளின் சராசரியான 38 ஆழத்தில் ஒரு ரீட்கூடத் தெரியாமல் போக 14 சதவீத வாய்ப்பு. ஆக 0 வந்திருந்தாலும் முழு நிம்மதி இல்லை, 1 வந்தது உங்கள் அதிர்ஷ்டம்.

#19 தாழைமடல்

மருத்துவத்தில் இது ஏன் முக்கியம் என்றால், உறுதியான டி நோவோ என்றால் அடுத்த குழந்தைக்கு மறுபடி வரும் வாய்ப்பை வழக்கமாக 1 சதவீதம் அளவில் சொல்வோம். தந்தை மொசைக் என்றால் அந்த எண் செல்லாது, விந்தணுக்களில் எவ்வளவு என்பதைப் பொறுத்து மிக அதிகமாகலாம்.

சேங்கர் (ஒரே துண்டைப் படிக்கும் பழைய வரிசையாக்கம்) இதைத் தீர்க்காது. 15, 20 சதவீதத்துக்குக் கீழே உள்ள சிகரம் பின்னணி இரைச்சலில் மறைந்துவிடும். குழந்தையை உறுதி செய்ய மட்டும் சேங்கர் வையுங்கள். அதற்கும் பிரைமர் விழும் இடத்தில் குழந்தைக்கு வேறு எழுத்து மாற்றம் இல்லை என்று பேமிலேயே பாருங்கள். இருந்தால் ஒரு பிரதி பெருகாமல் போய், உண்மையான மாறுபாடு இல்லாதது போலத் தெரியும்.

தந்தைக்கு டீப் ஆம்ப்ளிகான் (அந்த ஒரு துண்டை மட்டும் பெருக்கி மிக அதிக ஆழத்தில் படிப்பது). 200-லிருந்து 250 எழுத்து நீளம், மாறுபாடு நடுவில் வருமாறு. ரத்தம் மட்டும் போதாது, எச்சில் அல்லது கன்ன உட்பூச்சும் எடுங்கள். ஒரு நானோகிராம் மனித டிஎன்ஏவில் சுமார் 300 ஹேப்லாய்டு பிரதிதான். 50 நானோகிராம் போட்டால் 15,000 பிரதி, 5,000 ஆழத்துக்கு அர்த்தம் உண்டு. 5 நானோகிராம் போட்டு 5,000 ஆழம் ஓட்டினால் 1,500 பிரதியைத் திரும்பத் திரும்ப எண்ணுகிறீர்கள். கூடவே தாயையும், தொடர்பில்லாத ஒருவருடைய சாம்பிளையும் அதே பிரைமரில் ஓட்டுங்கள். அந்த இடத்தின் பின்னணிப் பிழை எவ்வளவு என்று அவர்கள்தான் சொல்வார்கள். தந்தையின் எண் அதைத் தெளிவாகத் தாண்டினால் மட்டும் மொசைக் என்று எழுதுங்கள்.